கோட்டுக்கு வெளியே நிற்பவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெறும் நாட்களில் லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறிக் குமுளிக்குச் சென்று பாருங்கள். எல்லையைத் தாண்டியதும் சாலையோரங்களில் ஆளுயரத்தைவிடப் பெரிய படங்கள் நிற்கும். மெஸ்ஸி நிற்பார், நெய்மார் நிற்பார், ரொனால்டோ நிற்பார். அந்தக் காற்று மலையிறங்கி நம் கூடலூர், கம்பம் வரையிலும் வீசுவதுண்டு. ஆனால் அத்தனை படங்களுக்கு நடுவே ஒரு பயிற்சியாளரின் படத்தை நான் கண்டதில்லை.

2022ஆம் ஆண்டு கத்தாரில் கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணியின் தலைவர் யார் என்று கேட்டால் நம் கல்லூரியில் நூறு கைகள் உயரும். அந்த அணியை ஆயத்தம் செய்தவர் யார் என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும்? லியோனல் ஸ்கலோனி என்பது அவர் பெயர். ஆட்டம் நடக்கும்போது அவர் வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதான் நின்றார். கோட்டுக்கு வெளியே நிற்பவரை நாம் காண்பதில்லை. காணாததால் மதிப்பதில்லை, மதிக்காததால் உருவாக்குவதுமில்லை. நம் பள்ளத்தாக்கில் ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆட்டக்காரனை ஆளாக்கும் பயிற்சியாளர்கள்தாம் இல்லை. இக்குறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுக்களம் என்னும் பள்ளிக்கூடம்

முதலில் ஒரு சிறு கணக்கு. ஓர் ஆட்டம் 90 நிமிடம். ஆடுவோர் 22 பேர். பந்து ஒன்று. 90ஐ 22ஆல் வகுத்தால் ஒருவருக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். பந்து கோட்டுக்கு வெளியே போய்வரும் நேரத்தையும், காற்றில் பறக்கும் நேரத்தையும் கழித்தால் அதுவும் குறைந்துவிடும். அப்படியானால் ஓர் ஆட்டக்காரன் ஏறத்தாழ 86 நிமிடங்கள் பந்தில்லாமலே ஆடுகிறான்! அந்த நேரத்தில் எங்கே நிற்பது, எவனைக் கவனிப்பது, எப்போது ஓடுவது, எப்போது ஓடாமலிருப்பது? ஊர்ப் பொட்டலில் நாமாகக் கற்றுக்கொள்வது பந்து காலில் இருக்கும் நான்கு நிமிட வித்தையை மட்டுமே. மீதியைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அவரே பயிற்சியாளர்.

இந்த மீதியை ஆட்டக்காரர்களுள் மற்றவர்களைவிட நன்கு அறிந்தவன் நடுக்கள ஆட்டக்காரன். பழைய நாளில் அவனை 'ஹாஃப் பேக்' என்று அழைத்தார்கள். கோல் போடுபவனுக்கு எதிரியின் கம்பம் தெரிந்தால் போதும். தடுப்பவனுக்குத் தன் கம்பம் தெரிந்தால் போதும். நடுவில் நிற்பவனுக்கோ இரண்டும் தெரிய வேண்டும். நம் ஊர் வயலில் நீர் பாய்ச்சுபவரை எண்ணிப் பாருங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தவுடன் அவர் மண்வெட்டியோடு வரப்பின் மேல் நிற்கிறார். எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது, எந்த வயல் போதுமென்கிறது, எது காய்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் இருக்கிறது. நாற்று நட்டவர் அவரல்லர், அறுப்பவரும் அவரல்லர். ஆனால் அவர் கண் தவறினால் மேல்மடை அழுகும், கடைமடை காயும். நடுக்கள ஆட்டக்காரனின் வேலையும் இதுவே. ஆடி ஓய்ந்த பிறகு அந்தக் கண்ணோடு கோட்டுக்கு வெளியே வந்து நின்றால் அவன் பயிற்சியாளன் ஆகிறான். ஆனால் கண் இருந்தால் மட்டும் போதாது. கண்டதைப் பிறர்க்குச் சொல்லத் தெரிய வேண்டும். அது தனிக் கல்வி.

சுரங்க ஊரிலிருந்து ஒருவர்

இங்கிலாந்து நாட்டவர் என்றவுடன் நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு நினைவுக்கு வருபவர் பென்னிகுவிக். 1895இல் பணிமுடிந்த பெரியாற்று அணை அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதே நாட்டிலிருந்து இன்னொருவரை இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் பெயர் ஜாக் கிரீன்வெல்.

வட இங்கிலாந்தில் டர்ஹாம் என்பது நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே குரூக் என்னும் சிற்றூரில் 1884ஆம் ஆண்டு பிறந்தார் கிரீன்வெல். சுரங்கத்தில் உழைத்தவர், ஊர் அணியான குரூக் டவுனில் நடுக்களத்தில் ஆடியவர். 1912ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா அணிக்கு ஆடச் சென்றார். 1917இல் அதே அணிக்குப் பயிற்சியாளரானார். 1923 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஸமோரா என்னும் கோல் காப்பாளரும் சமித்தியர் என்னும் நடுக்கள வீரரும் புகழ்பெற்று விளங்கிய காலம் அது. இன்று உலகம் முழுதும் பெயர் சொல்லும் பார்சிலோனாவின் முதற் பொற்காலத்தை உருவாக்கியவர்களுள் அந்தச் சுரங்கத் தொழிலாளியும் ஒருவர்.

அவர் பயணம் அங்கே நிற்கவில்லை. ஸ்பெயினில் வேறு அணிகளையும் பயிற்றுவித்தார். பின்னர்க் கடல் கடந்து தென் அமெரிக்கா சென்றார். 1939ஆம் ஆண்டு லீமா நகரில் நடந்த தென் அமெரிக்க வாகையர் போட்டியில் பெரு நாட்டு அணி முதன்முறையாகப் பட்டம் வென்றபோது அதன் பயிற்சியாளர் இந்தக் கிரீன்வெல்தான். 1942இல் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் காலமானார்.

இங்கிலாந்துத் தேசிய அணிக்கு ஒருநாளும் ஆடாத மனிதர் இவர். ஆட்டக்காரராக மட்டும் இருந்து ஓய்ந்திருந்தால் குரூக் ஊரின் எல்லையைத் தாண்டி யாரும் அவரை நினைத்திருக்க மாட்டார்கள். கால் ஓய்ந்த பிறகும் அவர் அறிவு ஓயவில்லை. ஓர் ஆட்டக்காரனின் ஆயுள் பத்து அல்லது பதினைந்து ஆண்டுகள். பயிற்சியாளனின் ஆயுளோ அவன் பயிற்றுவித்தவர்களின் ஆயுளையும் சேர்த்தது.

கல்கத்தா தந்த அமல் தத்தா

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டிலேயே ஒருவர் இருந்தார். 1930ஆம் ஆண்டு பிறந்த அமல் தத்தா கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் நடுக்களத்தில் ஆடியவர். 1954ஆம் ஆண்டு மணிலாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். ஆட்டத்தை முடித்துக்கொண்டபோது அவர் செய்த காரியந்தான் வியப்புக்குரியது. பயிற்றுவிப்பதைக் கற்றுக்கொள்வதற்காகவே இங்கிலாந்து சென்றார். ஆடத் தெரிந்தவனுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று நாடே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 'இல்லை, இது தனிப்படிப்பு' என்று உணர்ந்து அதைப் படிக்கச் சென்ற மனிதர் அவர்.

திரும்பி வந்தபின் அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். இந்தியாவின் முதல் முழுநேரத் தொழில்முறைக் கால்பந்துப் பயிற்சியாளர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். நடைமுறையில் இல்லாத ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்து அதைக் கொண்டே வாழ்ந்து காட்டுவது எத்துணைத் துணிவு! படம் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று மேலைநாட்டு ஆட்டங்களைத் திரையிட்டு விளக்கினார் என்று கூறுவார்கள். தொலைக்காட்சி வீடுதோறும் வராத காலம் அது. உலகம் எப்படி ஆடுகிறது என்பதைக் கிராமத்துப் பையனின் கண்முன் கொண்டுபோய் நிறுத்தினார் அவர்.

ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்னும் இரு பெரும் அணிகளுக்கும் வெவ்வேறு காலங்களில் பயிற்சியளித்தார். 1997ஆம் ஆண்டு மோகன் பகான் அணிக்கு 'வைர வடிவம்' என்ற புதிய ஆட்டமுறையைப் பழக்கினார். நடுக்களத்து நால்வர் வைரத்தின் நான்கு முனைகளைப்போல நின்று, பந்து கிடைத்தவுடன் அணி முழுவதும் முன்னேறித் தாக்கும் முறை அது. அந்த முறையில் மோகன் பகான் கோல்களைக் குவித்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. 1997 ஜூலை 13ஆம் நாள் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம். கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் 1,31,781 பேர் கூடியிருந்ததாகக் கணக்கு. எதிரணி ஈஸ்ட் பெங்கால். அதன் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. அன்று பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் போட்டார். வைரம் 4-1 என்ற கணக்கில் உடைந்தது.

அந்த ஒருநாளை வைத்துக்கொண்டு அமல் தத்தா தோற்றார் என்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. ஓர் ஆட்டமுறையைப் பற்றி ஒரு நகரமே வாதிட்டது. எந்த ஆட்டக்காரன் நல்லவன் என்பதை விட்டுவிட்டு, எந்தச் சிந்தனை நல்லது என்று இலட்சக்கணக்கானோர் பேசினார்கள். அதைச் செய்து காட்டியது ஒரு பயிற்சியாளரின் மூளை. அமல் தத்தா 2016ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் தம் 86ஆம் வயதில் மறைந்தார்.

மலைக்கு அப்பால் ஒரு தமிழர்

இனி நம் வாசலுக்கே வருவோம். மலைக்கு அப்பால் கேரளத்தில் கால்பந்து ஒரு திருவிழா. ஆனால் மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முதலில் வென்றது 1973ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாள் எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கேரளம் இரயில்வே அணியை 3-2 என்ற கணக்கில் வென்றது. அணித்தலைவர் மணி மூன்று கோல்களையும் போட்டார். கேரளத்தார் இன்றும் அந்த நாளைப் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள்.

அந்த அணியின் பயிற்சியாளர் யார்? சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழர்! முன்களத்தில் ஆடியவர், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்காக ஆடியவர். நம் அண்டை மாநிலத்துக்கு முதற் கோப்பையைத் தேடித்தந்த தமிழரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளம் இன்றுவரை அக்கோப்பையை ஏழு முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒருமுறைகூட வென்றதில்லை. 2012ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் வரை சென்று இராணுவ அணியிடம் 3-2 என்று தோற்றோம். நம் மண்ணில் விளைந்த அறிவு மலைதாண்டிப் போய்ப் பயன்தந்திருக்கிறது. அதில் வருத்தமில்லை, அறிவுக்கு எல்லைக் கோடு கிடையாது. ஆனால் அந்த அறிவு நம் வயலுக்கு ஏன் பாயவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ரோம் சென்ற அந்த இந்திய அணியைப் பயிற்றுவித்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றதும் அவர் பயிற்சியில்தான். 1963இல் அவர் மறைந்தார். அதன்பின் ஆசியப் போட்டியில் நம் கால்பந்து அணிக்குக் கிடைத்த ஒரே பதக்கம் 1970ஆம் ஆண்டு வெண்கலம். அப்போது பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர்களுள் ஒருவர் பி.கே. பானர்ஜி, ரஹீமிடம் பயின்ற மாணவர். சைமன் சுந்தரராஜும் ரஹீமின் கீழ் ஆடியவரே. ஓர் ஆசிரியர், அவர் மாணவர்கள், அந்த மாணவர்களின் மாணவர்கள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றுவதைப் போன்றது இது. நடுவில் ஒரு விளக்கு அணைந்துபோனால் அதற்கப்பால் இருட்டுத்தான்.

நல்ல ஆட்டக்காரன் போதாதா?

'சிறந்த ஆட்டக்காரனை அழைத்துவந்து சொல்லிக்கொடுக்கச் செய்தால் போயிற்று. இதற்கென்று தனியே ஒருவர் எதற்கு?' என்று கேட்போர் உண்டு. இதற்கு 2010ஆம் ஆண்டு விடையளித்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையின் காலிறுதியில் அர்ஜென்டினாவும் ஜெர்மனியும் மோதின. அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் டீகோ மரடோனா; உலகம் கண்ட ஒப்பற்ற ஆட்டக்காரர்களுள் ஒருவர். ஜெர்மனியின் பயிற்சியாளர் யோவாகிம் லோ. தம் நாட்டு முதன்மை அணிக்கு ஒருமுறைகூட ஆடாதவர், பெரும்பாலும் இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடிக் கழித்தவர். ஆட்டத்தின் முடிவு ஜெர்மனிக்கு 4, அர்ஜென்டினாவுக்குச் சுழி. நான்காண்டுகள் கழித்து அதே லோ உலகக் கோப்பையையும் வென்றார்.

மரடோனாவின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அவர் கால் அறிந்ததை அவராலேயே சொல்ல முடியாது. அது பிறவிக் கொடை. கொடை பெற்றவன் 'இப்படிச் செய்' என்பான்; 'எப்படி' என்று கேட்டால் விழிப்பான். தட்டுத்தடுமாறிக் கற்றவனுக்கோ எந்தப் படியில் கால் இடறும் என்பது தெரியும். ஆகவே அவன் நல்ல ஆசானாகக் கூடும். நம் வகுப்பறைகளிலும் இதை நாம் காண்கிறோம் அல்லவா? எல்லாம் தெரிந்தவர் வேறு. தெரியாதவனுக்குத் தெரியும்படி சொல்பவர் வேறு.

நம் நிலை என்ன?

விளையாட்டு ஆர்வம் இல்லாத பகுதியன்று நம் மாவட்டம். பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. வெளி மாநில அணிகள் வந்து ஆடுகின்றன. ஊரே திரண்டு பார்க்கிறது. கபடி இல்லாத திருவிழா நம் கிராமங்களில் குறைவு. திராட்சைத் தோட்டத்தில் வேலைசெய்துவிட்டு மாலையில் பொட்டலில் பந்து உதைக்கும் பையன்களை உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கங்களில் நான் பார்க்கிறேன். அவர்களிடம் ஓட்டம் இருக்கிறது, துணிவு இருக்கிறது, மூச்சு இருக்கிறது. மலையடிவாரத்துப் பையனுக்கு மூச்சைச் சொல்லித்தர வேண்டுமா?

என் நண்பன் ஒருவன் இப்படி ஆடியவன்தான். நடுக்களத்தில் அவன் நின்றால் பந்து எங்கள் பக்கமே இருக்கும். ஒரு போட்டிக்கு முந்திய வாரம் கணுக்கால் பிசகி வீங்கியது. 'கட்டுப்போட்டுக்கொண்டு ஆடு, சரியாகிவிடும்' என்று சுற்றியிருந்தோர் கூறினார்கள். அவனும் ஆடினான். அடுத்த மாதமும் ஆடினான். மூட்டைப் பிணைத்திருக்கும் நார் கிழிந்தால் அது ஆறுவதற்கு ஓய்வும், பிறகு படிப்படியான பயிற்சியும் வேண்டும் என்பதை நான் விலங்கியல் பாடத்தில் பின்னால் படித்தேன். அன்று களத்தில் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. 'இன்று நீ ஆடாதே' என்று ஒரு வார்த்தை சொல்லும் உரிமை படைத்தவர் யாரும் அங்கே இல்லை. இன்று அவன் மேடு பள்ளமான இடத்தில் வேகமாக நடந்தாலே கால் பிசகுகிறது. ஆட்டத்தை விட்டுவிட்டான். ஒரு பயிற்சியாளர் செய்யும் முதல் வேலை வெற்றி தேடித்தருவது என்று நாம் நினைக்கிறோம். அன்று, பிள்ளையின் உடம்பைக் காப்பதே முதல் வேலை.

பல கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே. கபடி, கைப்பந்து, கூடைப்பந்து, கால்பந்து, தடகளம், விளையாட்டு விழா, சான்றிதழ் வேலைகள் யாவும் அவர் ஒருவர் தோளில். அவர்மேல் குறை சொல்வது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் ஒருவர் எத்தனை மடைகளைத்தான் காப்பார்? போட்டி அறிவிப்பு வந்தபின் அணியைத் தேர்ந்தெடுத்து, சில நாட்கள் ஒன்றாக ஆடவிட்டுப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதைப் பயிற்சி என்று அழைக்க முடியுமா?

இங்கே என் நிலையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் 'நன்றாகப் படி' என்று சொல்வார். அதைவிட உயர்ந்த சொல் இல்லை. ஆனால் எந்தப் பாடத்தை எடுப்பது, எந்த விண்ணப்பத்தை எந்த நாளுக்குள் அனுப்புவது, மேற்படிப்புக்கு எந்த வாசலைத் தட்டுவது என்று அவரால் சொல்ல இயலாது. அந்த வழியில் அவர் நடந்ததில்லை. அதைச் சொன்னவர்கள் என் ஆசிரியர்கள். உழைப்பு எங்களுக்குப் பிறவியிலேயே உண்டு; வழி தெரிந்த ஒருவர் கிடைப்பதுதான் அரிது. படிப்புக்கு ஆசிரியர் எப்படியோ ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் அப்படியே. வசதியுள்ள நகரத்துப் பிள்ளைக்கு அவன் பெற்றோர் பணம் கட்டிப் பயிற்சியாளரைத் தேடித்தருவார்கள். கடைமடைப் பிள்ளைக்கு யார் தருவார்?

செய்யத்தக்கவை

குறை சொல்வது எளிது. வழி சொல்வது கடமை. எனக்குத் தோன்றும் சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது: ஆண்டுதோறும் நம் கல்லூரியை விட்டுச் செல்லும் மூன்றாமாண்டு ஆட்டக்காரர்களுள் விருப்பமுள்ள இருவரைப் பயிற்சியாளர் படிப்புக்கு அனுப்ப வேண்டும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தொடக்க நிலையிலேயே பயிற்சியாளர் உரிமச் சான்றிதழ்களை வழங்குகிறது. அவை சில நாட்களில் முடியும் படிப்புகள். அதற்கான கட்டணத்தை முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஏற்கலாம். மேலும் செல்ல விரும்புவோர்க்கு 1961இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. 1920இல் தொடங்கிய சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கென்றே உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பட்டம் பெற்றபின் உடற்கல்விப் பட்டமும் படித்து ஆசிரியராகலாம். வாசல்கள் இருக்கின்றன, அவை இருப்பதைச் சொல்வாரில்லை.

இரண்டாவது: இவ்வாறு பயின்றவர் ஒவ்வொருவரும் தம் ஊருக்கு அருகிலுள்ள ஓர் அரசுப் பள்ளியில் வாரம் இரு மாலைகள் சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பத்து, பன்னிரண்டு வயதில் பழகாத கால் இருபது வயதில் பழகுவது கடினம். கல்லூரிக்கு வந்தபின் அணி தேடுவதைவிட, கல்லூரிக்கு வரும் முன்பே ஆட்டக்காரனை உருவாக்குவது அறிவுடைமை.

மூன்றாவது: மாணவியரை மறத்தலாகாது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. மதுரையைச் சார்ந்த சேது அணி 2019ஆம் ஆண்டு இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. ஆடவர் அணிக்கு எட்டாத கனி அவர்களுக்கு எட்டியிருக்கிறது! ஆகவே அனுப்பப்படும் இருவருள் ஒருவர் மாணவியாக இருக்கட்டும். ஒரு பெண் பயிற்சியாளர் இருக்கிறார் என்றால் மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும் அனுப்புவர்.

நான்காவது: செலவில்லாத ஒன்று. நம் விளையாட்டு விழாவில் வெற்றிக் கேடயம் வழங்கும்போது ஆடியவர் பெயரோடு பயிற்றுவித்தவர் பெயரையும் அழைத்து மேடையேற்றுவோம், கேடயத்திலும் பொறிப்போம். அவர் ஊர்ப் பள்ளியின் பி.டி. ஆசிரியராக இருக்கலாம், விடியற்காலையில் விசிலோடு வந்து நிற்கும் ஓர் அண்ணனாக இருக்கலாம். மதிக்கப்படும் வேலைக்கே நாளை ஆள் கிடைக்கும்.

'பயிற்சியாளர் வேலை சோறு போடுமா?' என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. வயல்வேலையிலும், எஸ்டேட் வேலையிலும், கடையிலும் உழைத்து நம்மைப் படிக்க வைக்கும் பெற்றோர் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பார்? எல்லோரும் அமல் தத்தாவைப்போல இதையே பிழைப்பாகக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது எல்லோராலும் இயலாது. வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு, வாரத்தில் இரு மாலைகளை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாதா? நூறு பேரில் ஒருவர் அதையே தொழிலாகக் கொண்டால் போதும். குரூக் என்னும் சுரங்க ஊரில் பந்து உதைத்தவர்கள் பலர். கடல் கடந்து சென்று நாடுகளுக்கு ஆட்டம் பழக்கியவர் ஒருவர்.

'முதலில் மைதானம் வேண்டும், புல்தரை வேண்டும், விளக்குகள் வேண்டும். பிறகு பயிற்சியாளரைப் பார்க்கலாம்' என்பாரும் உளர். மைதானம் வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் புல்தரை தானாக ஒரு பையனையும் வளர்த்ததில்லை. சொல்லித்தர ஒருவர் இருந்தால் அறுவடை முடிந்த வயலும் மைதானமாகும். இல்லாவிட்டால் நல்ல மைதானத்திலும் ஆடுகள்தாம் மேயும்.

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே, அன்பு நண்பர்களே! நம் பள்ளத்தாக்கில் வைகையும் முல்லையாறும் ஓடுகின்றன. ஆறு ஓடினால் மட்டும் நெல் விளைவதில்லை. வாய்க்கால் வெட்டியவரும், மடை திறந்தவரும், இரவெல்லாம் வரப்பில் நின்று தண்ணீரைக் கடைசி வயல்வரை கொண்டுசேர்த்தவரும் இருந்ததால்தான் விளைகிறது. நம் இளைஞர்களின் ஆற்றலும் அப்படிப்பட்ட ஆறுதான். அதை வாய்க்காலில் திருப்பிவிடும் கைகளை நாமே உருவாக்க வேண்டும். அடுத்த ஆண்டு விளையாட்டு விழா அழைப்பிதழ் அச்சாகும்போது, ஆட்டக்காரர் பெயர்களுக்குக் கீழே பயிற்சியாளர் பெயருக்காக ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த வரி முதலில் வெறுமையாக இருக்குமானால், அதை நிரப்பும் பொறுப்பு நம்முடையது.